பெயர் வராத பக்கம்

பரீட்சைக்கு இன்னும் பத்து நிமிடம். பதுளை பஜாருக்கு மேலேயுள்ள கணினி வகுப்பில், காலை வெயில் பட்டுக் கூசும் திரையை மேனகா வெறித்துப் பார்க்கிறாள். பெட்டியில் எந்தப் பெயரைத் தட்டினாலும் அவள் செய்த பக்கம் "நன்றி" என்பதோடு நின்றுவிடுகிறது; பெயர் வருவதில்லை. பக்கத்து நாற்காலி ஸஃப்ரினா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"பேர வச்சிருக்கிற வேரியபிள ஃபங்ஷனுக்குள்ள பூட்டி வச்சிட்டு வெளிய நின்னு கூப்பிட்டா எப்படிடி வரும்?"

"எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல வெளிய வச்சது எது தங்குது? வெறகக்கூட உள்ளதான் அடுக்குவோம்."

"ஒங்க வீட்டுக்கு வந்தப்ப மொகம் கழுவுனேனே, அந்தப் பீலி?"

மேனகாவின் கை அந்தரத்தில் நிற்கிறது. லயத்துக்கு வெளியே, எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கொட்டும் தண்ணீர்.

"சேர் சொன்ன குளோபல், எல்லாத்துக்கும் பொதுவானது, அதுதான்டி!" என்கிறாள் மேனகா.

அவள் வேரியபிள் இருக்கும் அந்த ஒரு வரியை அடைப்புக்குறிக்கு வெளியே, மேலே நகர்த்துகிறாள். பெட்டியில் ஒரு பெயரைத் தட்டிவிட்டுத் திரையைத் தோழியின் பக்கம் திருப்புகிறாள்.

"நன்றி, ஸஃப்ரினா."