மேலேயிருந்து பார்த்தால்

எண்ணூர்ப் பயிற்சிக்கூடத்தில், ஓட்டிப் பழகுவதற்கென்று செய்துவைத்த பொய் ஹெலிகாப்டருக்குள் குணசுந்தரி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தம்பி ரகுபதி, அங்கே எலக்ட்ரீஷியன். படகு கவிழ்ந்து கடலில் காணாமல்போன அவள் புருஷனை நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஹெலிகாப்டரில் போய்த் தேடியவர்களுக்கு மேலேயிருந்து என்னதான் தெரிந்திருக்கும் என்று பார்த்தே தீருவதென வந்திருக்கிறாள். “இது பேட்டரி சுவிட்சு, மேல தள்ளுக்கா” என்கிறான் ரகுபதி. தள்ளுகிறாள். டக்கென்ற சத்தத்தோடு பலகையெங்கும் குட்டி விளக்குகள் எரிகின்றன. அவள் கண்ணாடி வளையல்களிலும் அந்த வெளிச்சம் ஏறுகிறது. அடுத்த சுவிட்சைப் போட்டதும் எதிர்த்திரையில் அந்திக்கடல் விரிகிறது. மூன்றாவது சுவிட்ச், தேடும் விளக்குக்கு. வெள்ளை வட்டமொன்று அலைகள்மேல் ஊர்கிறது. முன்கண்ணாடியில் நெற்றி படும்படி அவள் முன்னால் சாய்கிறாள். “ஆளு இருந்தா தெரியுமாடா?” “மஞ்சா, செவப்புன்னா பளிச்சுனு தெரியும்க்கா.” “உங்க மாமா நீலச் சட்டதான்டா போட்டுகினு போச்சு.” ரகுபதி விளக்கை அணைக்கக் கை நீட்டுகிறான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “இன்னும் கொஞ்சம் அந்தாண்ட காட்டுடா.” காட்டுகிறான். வட்டம் நகர நகர, அதற்குள் நீலத் தண்ணீர் மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது.