வாயடக்கும் வால்

ஒரு கோழியின் காலில், ஒரு செல்லுக்குள் மரபணு ஒன்று குடியிருந்தது. காயம் பட்டால் செல்லைப் பார்த்து "பிரி" என்று சொல்வது அதன் வேலை. காயம் ஆறியதும் அதன் வாலே மடிந்து வந்து அந்த வார்த்தையை அடக்கிவிடும். போன தடவை முள் குத்தியபோது நான்கே முறை சொன்னது. அதோடு சரி.

ஒரு நாள் பக்கத்துச் செல்லுக்குள் ஒரு வைரஸ் புகுந்து, தான் சுமந்து வந்த மரபணுவை இறக்கிவிட்டது. அது காயம் எதுவும் இல்லாமலே ஓயாமல் "பிரி, பிரி" என்றது. செல்லும் அதன் பேச்சைக் கேட்டுப் பெருகிக்கொண்டே போனது.

கோழிக்குச் சொந்தமான வீட்டு மரபணுவுக்கு வயிறு எரிந்தது. "என் வார்த்தைய எங்க கத்துக்கிட்ட?"

"உங்க வீட்லதான். உன் பாட்டன் காலத்துல ஒரு வைரஸ் வந்து படியெடுத்துட்டுப் போச்சு. வாலை மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு. நீ இன்னுமா அதைச் சுமக்கிற?"

அதற்குப் பிறகு வீட்டு மரபணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி முள் குத்தியது. செல் பிரியுமுன் படியெடுக்க வந்த நொதியிடம், "அண்ணே, வாலை மட்டும் படியெடுக்காம விட்டுருங்க" என்று கெஞ்சியது. எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் நொதி, அன்று வால் விடுபட்டதைக் கண்டுகொள்ளாமல் போனது.

வாலில்லாமல் பிறந்த படி, பிறந்ததுமே கத்தத் தொடங்கியது. காயம் ஆறியும் நிறுத்தவில்லை.

காலில் கட்டி வீங்கியது. கோழி நொண்டியது. பிறகு இரை கொத்துவதையும் விட்டுவிட்டது.

"எல்லாம் அந்த வைரஸ் கொண்டாந்தவன் வேலை" என்று மற்ற செல்கள் அழுதன.

வீட்டு மரபணுவுக்குப் பொறுக்கவில்லை.

"பாதி என்னோடது" என்றது.