சொல்லாத ஊர்

“நகரி” என்றாள் லோயிஸ்.

“நகரி” என்றாள் தாட்சாயணி, காதில் மாட்டிய கருவியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

லோயிஸ் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாள். “ஆரணி.”

“ஆரணி.”

இருவருக்கும் நடுவில் ஒரு துணித் திரை. உதட்டைப் பார்த்து யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது. சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை. சித்தூரின் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இந்த ஓர் அறைக்குள்தான் தெருச் சத்தம் வராது. காற்றும் வராது.

காதை அளப்பது லோயிஸின் வேலை. அதிலேயே ஒரு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். அளப்பதற்கு வார்த்தைகள் வேண்டும். தமிழ் வார்த்தை சொன்னால் தெலுங்குக்காரர் விழித்தார். தெலுங்கு வார்த்தை சொன்னால் தமிழர் முறைத்தார். ஆந்திரம் தனி ராஜ்யமாகி, எல்லை எது என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஊர்ப் பெயர்களைப் பிடித்தாள். ஊர்ப் பெயருக்கு ஏது பாஷை? அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. திருத்தணியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். அதைச் சொன்னால் திருப்பிச் சொல்லாமல் சண்டைக்கு வந்தார்கள்.

தாட்சாயணியைக் கூட்டி வந்த கணவன் வெளியே வராந்தாவில் இருந்தான். புத்தூர்ப் பக்கத்து விவசாயி. வந்ததும் வராததுமாக விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான்.

“பக்கத்துல நின்னுக்கினு கூப்டாலும் திரும்ப மாட்டேன்றாம்மா. செவுடின்னு எழுதிக் குடுத்துடுங்க. இவ நைனா வூட்ல வுட்டுட்டு வந்துட்றேன். கொயந்த எங்ககிட்டயே இருக்கட்டும்.”

தாட்சாயணிக்குப் பால்குடி மாறாத குழந்தை. மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறாள். ரவிக்கை நனைந்து, அதன் மேல் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். கர்த்தரே, இவளுக்குக் காது கேட்க வேண்டும் என்று, ஆராய்ச்சி செய்கிறவள் நினைக்கக் கூடாததை நினைத்துக்கொண்டுதான் லோயிஸ் அவளை உள்ளே அழைத்து வந்தாள்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

கூடூர். காஞ்சி. வேலூர். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, சொன்ன ஊர் சொன்னபடியே திரைக்கு அப்பாலிருந்து திரும்பி வந்தது. அந்தக் குரலில் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கும் பிடிவாதம் இருந்தது.

“பழனி.”

பதில் இல்லை.

லோயிஸ் குமிழைச் சற்று ஏற்றினாள். “பழனி.”

பதில் இல்லை. இன்னும் ஏற்றினாள். மந்தக் காதுக்கே கேட்கும் அளவுக்கு ஏற்றினாள். ஒன்றும் வரவில்லை.

லோயிஸ் பட்டியலைப் பார்த்தாள். ழகரம் ஒன்றாவது இருக்கட்டும் என்று, தெற்கே எங்கோ இருக்கும் ஊரைத் தேடிச் சேர்த்திருந்தாள். அந்த ஓர் எழுத்து மட்டும் விழாத காது உண்டா என்ன? எழுந்து போய்த் திரையை விலக்கினாள்.

தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“கேட்டுச்சும்மா. அதான், ஆண்டவர் மலை இருக்கற ஊரு. அந்தப் பேர நானு வாயால சொல்லக் கூடாது.”

லோயிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது தோன்றாமல் போனதே! புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் இருக்கிற சீமையில், ஆளுக்கும் வைக்கிற ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் ஆகும். அவளுடைய அம்மாவே அப்பாவை ‘லோயிஸ் அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“சரி சரி, சொல்ல வேணாம்” என்றாள்.

தாட்சாயணி சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். லோயிஸ் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

காது நல்ல காது, மிகச் சின்னச் சத்தமும் கேட்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சீட்டில் பெயர்களைப் புதுக் குமாஸ்தா தெலுங்கில் எழுதியிருந்தார். லோயிஸுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. போகட்டும், கணவன் பெயர்தான் இப்போது தெரிந்துவிட்டதே.

நல்ல செய்தியைச் சொல்லும் அவசரத்தில் கதவை விரியத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“பழனி! இப்படி வாங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

தாட்சாயணியின் கணவன் மட்டும் வெடுக்கென்று திரும்பினான். முதலில் தெரு வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. பிறகு லோயிஸைப் பார்த்தான்.

“இவளக் கட்டிக்க இருந்த மாமன் மவனா? அவன் எங்க இங்க வந்தான்?”

லோயிஸ் சீட்டில் இருந்த தெலுங்கு எழுத்தைப் பார்த்தாள். “உங்க பேரு...”

“கன்னையா.”

“இல்லீங்க, அது ஊர்ப் பேரு. டெஸ்ட்டுல வர்ற ஊரு” என்றாள். உண்மைதான். ஆனால் திக்கித் திணறிச் சொன்னதில் அவளுக்கே அது பொய்யாகப் பட்டது.

கன்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி வந்தான். லோயிஸ் குறுக்கே நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. தாட்சாயணிக்கு எல்லாம் கேட்டிருக்கும். கேட்கும் என்று சற்று முன்புதான் லோயிஸ் கையெழுத்துப் போட்டிருந்தாள்.