மணல்மேட்டில் பறந்த வண்டி

"பெரியவரே, வண்டி எங்கேயிருந்து குதிச்சது?"

பட்டறையில் வண்டி தூக்கும் லிஃப்டுக்கு அடியில் நின்றபடி ஃபெர்மின் கேட்டான். அவன் தலைக்கு மேலே இலாரியோவின் பழைய பிக்கப் லாரி தொங்கிக்கொண்டிருந்தது.

"குதிக்கிறதா? ரோட்டுல ஒரு பள்ளம்ப்பா" என்றார் இலாரியோ.

"பள்ளமா? பின்சக்கரம் ரெண்டும் மேல்பக்கம் உள்ளே சாஞ்சு நிக்குது. ஆக்சில் வாழைப்பழமாட்டம் வளைஞ்சு கெடக்கு. ரெண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு. பள்ளத்துல விழுந்தா ஒரு பக்கம்தான் அடி படும். இது நாலு சக்கரமும் அந்தரத்துல போயிட்டு வந்த வண்டி!"

பட்டறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கொல்லென்று சிரித்தார்கள்.

இலாரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி... மணல்மேட்டுல குதிச்சதுதான்."

"இந்த வயசுல!"

"ஆமா, இந்த வயசுலதான்."

ஃபெர்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலைவன மணல்மேடுகளை ஒட்டிய ப்ராலி ஊரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு மணல்மேட்டு வண்டிகள் புதிதில்லை. குளிர்காலம் வந்தால் வாரக் கடைசியில் யாராவது ஒருவன் குதித்து, எதையாவது உடைத்துக்கொண்டு வருவான். போன சீசனில் ஒரு லாரி மூக்கு குத்தி இறங்கியது. அதை இழுத்து வந்தவன் ஃபெர்மின்தான். ஓட்டியவன் இன்னும் கழுத்தில் பட்டையோடு திரிகிறான்.

ஆனால் அவனுக்கு உண்மையான கோபம் வேறு. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இலாரியோவின் மனைவி டெல்ஃபினா உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஃபெர்மினே அந்த பஸ்ஸில் போனவன்தான். அவன் பெண்கள் இரண்டு பேரும் அதில்தான் போனார்கள். இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. 'ஊரிலேயே கவனமான ஓட்டுநர்' என்று கேடயம் கொடுக்கப்போகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இப்படி ஒரு புருஷன்!

"இதை நான் சரிபண்ணித் தர மாட்டேன்" என்றான் ஃபெர்மின். "தந்தா மறுபடியும் போய்க் குதிப்பீங்க. பக்கத்து சீட்டுல இவங்களையும் ஏத்திக்கிட்டு. இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

டெல்ஃபினாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஃபெர்மின், நான் ஒண்ணு சொல்லணும்ப்பா..."

"நீ சும்மா இரு டெல்ஃபினா!" என்று இலாரியோ குறுக்கே பாய்ந்தார்.

"பாருங்கய்யா, பேசக்கூட விட மாட்டேங்கிறார்!" என்றான் ஃபெர்மின். "டெல்ஃபினாம்மா, வண்டி சாவியை இனிமே நீங்களே வெச்சுக்குங்க. இவர் கையில குடுக்காதீங்க."

காப்பி குடித்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். இலாரியோவும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காதவர் டெல்ஃபினா மட்டும்தான்.

"சரிபண்ணிக் குடுப்பா" என்றார் மெல்ல. "எனக்காக."

அவர் கேட்டால் ஃபெர்மினால் மறுக்க முடியுமா?

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் தேடி, வளையாத ஆக்சில் கூடு ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே இருந்த பல்சக்கரங்களைக் கழற்றிக் கழுவி அதில் மாட்டினான். பேரிங், சீல், ஸ்பிரிங் எல்லாம் புதுசு. மனசு கேட்காமல், கூட்டின் முதுகில் ஒரு தடித்த இரும்புத் தாங்கலையும் வைத்து வெல்டிங் அடித்தான்.

அதற்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. முடிவெட்டும் கடையில் இலாரியோவை 'வாங்க பைலட்டு' என்றார்கள். சர்ச் வாசலில் பொடிசுகள் கையை விரித்துக்கொண்டு அவரைச் சுற்றி ஓடின. டாக்கோ கடைக்காரன், "உங்களுக்குத் தட்டு வேணுமா, பாராசூட்டு வேணுமா?" என்றான். மனுஷர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியை எடுக்க இலாரியோ தனியாக வந்தார். விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையை அப்போதே மாட்டியிருந்தார்.

ஃபெர்மின் சாவியைச் சட்டென்று கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஊரே உங்க வீட்டம்மாவுக்கு மரியாதை பண்ணுது. அவங்க பக்கத்துல போய் நிக்கும்போது கொஞ்சமாவது வெட்கப்படுங்க பெரியவரே."

இலாரியோ குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இரும்புத் தாங்கலைத் தட்டிப் பார்த்தார்.

"இது தாங்குமா ஃபெர்மின்?"

"எதைத் தாங்கணும்?"

"இன்னும் கொஞ்சம் உயரத்துல இருந்து வந்தா?"

"என்ன பேச்சு பேசறீங்க!" ஃபெர்மின் கத்தியே விட்டான். "உங்களுக்குப் புத்தியே வராதா?"

"கத்தாதேப்பா." இலாரியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் தோளில் கை போட்டார். "உனக்கு மட்டும் சொல்றேன். அந்தக் கேடயம் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. அவ அன்னிக்கே உன்கிட்ட ஒத்துக்கத்தான் பார்த்தா, நான்தான் விடலை. விழா அன்னிக்கு ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. என்னைப் பார்த்து எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கட்டும்."

ஃபெர்மின் கையிலிருந்த சாவி அப்படியே நின்றது.

"முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்களைப் பின்னாடி வெச்சுக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினவப்பா. கடைசி நாள் பஸ் சாவியைக் குடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்தா. 'இப்ப எனக்குப் பின்னாடி யாரும் இல்லை, வா'ன்னு என்னை வண்டியில ஏத்தினா. நான் பயத்துல கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்."

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"என் பொண்டாட்டி என்னமா பறந்தா தெரியுமாடா!"