நீலச் செதில்

மருத்துவர் மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் அந்த இதயத்தை வைத்தார்.

ஒரு நோயாளியின் ஸ்கேன் படத்தை வைத்து ரெசினில் வார்த்தது. கைமுட்டி அளவு இருக்கும். நடுவே இரண்டாகப் பிரியும். ஒரு பாதியின் முளைகள் மறுபாதியின் துளைகளில் போய் உட்காரும். கெட்ட ரத்தம் போகும் வழி நீலம், நல்ல ரத்தம் சிவப்பு. உள்சுவரில் இருக்கும் ஓட்டையின் விளிம்பு மட்டும் மஞ்சள்.

வண்ணம் பூசியவன் எதிரில் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

போன முறை இதே மேசையில்தான் மானம் போனது. திறந்து மூடும்போது முளையோரம் பூச்சு உரிந்து, ஒரு நீலச் செதில் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இது ரத்தக் குழாயா, உரிந்த பெயிண்டா என்று மருத்துவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

கத்தி வைக்கும் இடத்தை அவர் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

வார்ப்பின் மேல் படிந்த எண்ணெய்ப் பசையைக் கழுவாமல், அவசரத்தில் கெட்டியாகப் பூசிவிட்டான். நேற்றுத் தொழிலுக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. வேறு ஆளிடம் கொடுத்துவிடு என்று பட்டறை முதலாளி தன்மையாகத்தான் சொன்னார். அவன் காதில் வாங்கவில்லை.

புதிதாக ஒன்று வார்த்து வாங்கினான். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்தான். வழவழப்புப் போக உப்புத்தாள் போட்டான். நிறம் பிடிக்க அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, அதன்மேல் நிறத்தை மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றினான். முளைகளிலும் துளைகளிலும் மட்டும் நிறமே படவிடாமல், ஒரு மயிரிழை அளவு தேய்த்துவிட்டான். உரசினால்தானே உரியும்.

மருத்துவர் திறந்தார். மூடினார். திருப்பிப் பிடித்து மறுபடி திறந்தார்.

அவன் கண் அவர் முகத்தில் இல்லை. தாளில் இருந்தது.

ஒரு முறை முளை இறுகிக் கிறீச்சிட்டது. அவன் தாளை நோக்கிக் குனிந்தான். அவர் விரலால் நெம்பி, கொஞ்சமும் தயவில்லாமல் இழுத்தார்.

பிறகு இதயத்தைத் தூக்கிவிட்டு, தாளை விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுகூட இல்லை.

"உரியல," என்றார். "நாளைக்கு இத நம்பி உள்ள போலாம்."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். வாசல் பக்கம் போகவில்லை. படியிறங்கி, கீழ்த்தளத்து வார்டுக்குள் நுழைந்து, ஜன்னலோரக் கட்டிலருகே போய் நின்றான்.

அவன் மனைவி கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தை வைத்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"என் இதயத்தத் தொறந்து பாத்தீங்கல்ல. உள்ள யாரு இருந்தா?"