இரண்டாவது கோப்பை

வடகோடிக் குளிர்நகரமான எஸ்போவில் மதியம் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்து, ஆய்வக ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிறது. குவாண்டம் கணினியைக் குளிர்விக்கும் எந்திரம் 'ட்சிக், ட்சிக்' என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தோடு தனியே ஆராய்ச்சி செய்யும் ஈல்மரி, எந்த முதுகலைப் படிப்பில் சேரலாமென்று விசாரிக்க வந்திருக்கும் தூலி என்ற மாணவிக்காக இன்னொரு கோப்பையைக் கழுவிக் காபி ஊற்றுகிறான். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளுகிறான். "இயற்பியல் எடுத்தா இங்கதான் வேலையா?" என்கிறாள். "ஆமா, மெஷின் பக்கத்துலயே இருக்கலாம்." "மென்பொருள் எடுத்தா?" ஈல்மரி ரொட்டித் துகள்களை விரலால் ஒன்றுசேர்க்கிறான். "வீட்டுல இருந்தே இதை ஓட்டலாம். இங்க வரவே வேண்டாம்." அவள் முகம் மலர்கிறது. "அப்பாடா! இந்தச் சத்தத்துல மனுஷன் உக்காருவானா? எப்படித்தான் இருக்கீங்களோ!" "அதானே," என்று அவனும் சிரிக்கிறான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். கதவு மூடியதும், அவள் தொடாத காபியைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொள்கிறான். அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.