சயாம் பிரபுவின் சமையல்காரன்

கதவிடுக்கில் காதை வைத்திருந்த ஜெயராஜுக்கு, அடுப்பில் கோழிக்குழம்பு அடிப்பிடித்த வாடை எட்டவே இல்லை. உள்ளே சயாம் பிரபு யாரிடமோ "பாங்காக்" என்று சொன்னது மட்டும் கேட்டது.

சயாமில் ஓராண்டுக்குள் இரண்டு முறை ஆட்சி கவிழ்ந்திருந்தது. அந்தக் குழப்பத்தில் ஜப்பான்காரன் நுழைவானா, பிரெஞ்சுக்காரன் நுழைவானா என்று மலாயாவை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு ஒரே கவலை. பினாங்குக்குத் தப்பி வந்து கெலாவாய் சாலை பங்களாவில் தங்கியிருந்த பிரபு, ஆள் திரட்டிக்கொண்டு திரும்பப் போகிறாரா என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் ரகசியப் போலீஸ்காரன் ஜெயராஜ் அங்கே சமையல்காரனாகச் சேர்ந்தான். சேர்வது சுலபமாக முடிந்தது. சம்பளப் பேச்சைக்கூட யாரும் எடுக்கவில்லை. வம்பு எதற்கு என்று அவனும் வாயைத் திறக்கவில்லை.

"ஜெயராஜு! இங்க வா."

பங்களா நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயிஷா அவனைச் சாமான் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நீ போலீஸ்தானே?"

மாட்டிக்கொண்டால் ஜெயராஜை அனுப்பிய போலீஸ் துரை கையை விரித்துவிடுவார். பதவி உயர்வு என்ன, இருக்கிற வேலையும் போய்விடும்.

"மாதா சத்தியமா இல்லக்கா!"

"சத்தியமெல்லாம் வேணாம்லா. எந்தச் சமையக்காரன் குழம்ப இப்படித் தீய விடுவான்? நீ வந்த அன்னிக்கே பிரபுவுக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தோட்டக்காரன் ஜப்பான்காரன் அனுப்புன ஆளு. வாசல்ல காவல் நிக்கிற ஜாகா பாங்காக் கவர்மெண்டு அனுப்புன ஆளு."

இத்தனை நாளும் அந்த இரண்டு பேரோடும் உட்கார்ந்துதான் ஜெயராஜ் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏங்க்கா எங்கள வெளிய தள்ளல?"

"தள்ளிட்டு? மனுசன் கட்டுன துணியோட ரயிலேறி வந்தவரு. சம்பளம் குடுத்து ஆள் வைக்க வெள்ளிக் காசுக்கு எங்க போவாரு? உங்களுக்கெல்லாம்தான் அவங்கவங்க கவர்மெண்டு படியளக்குதே!"

கதவைத் திறக்கப் போன அவள், ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"துணி துவைக்கத்தான் இன்னும் ஆள் அமையல. உனக்குப் பிரெஞ்சுக்காரன் யாரையாச்சும் தெரியுமா தம்பி?"